கேட்ட பாட்டும் படித்த பாட்டும்

நேயர்களே, இப்போது என் முன்னால் மேசையின் மேல் சில தாள்கள் இருக்கின்றன. உங்கள் முன்னால் ஒன்றும் இல்லை. என் குரல் மட்டுமே உங்களிடம் வருகிறது. ஒரு சொல்லை நான் விழுங்கிவிட்டால் அது உங்களுக்கு இல்லாமலே போய்விடும். தேவையற்ற இடத்தில் நான் நிறுத்தினால் பொருளும் அங்கே முறிந்துபோகும். திரும்பச் சொல்லுமாறு என்னை நீங்கள் கேட்கவும் இயலாது. வானொலியில் பேச வருகிறவருக்கு முதலில் தோன்றும் அச்சம் இது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளும் இந்த அச்சத்தை ஒட்டியதே. கவிதையை ஒருவர் பாடவோ சொல்லவோ கேட்பது இனிதா? தனியே அமர்ந்து, வாய் திறவாமல், கண்ணால் படிப்பது இனிதா? பட்டிமன்றத்தில் வைத்தால் இரு கட்சியினரும் மூன்று மணி நேரம் முழங்குவார்கள். எனக்கு அந்த வலிமை இல்லை. நான் வாழும் பகுதியில் இந்த வினா எனக்கு எவ்வாறெல்லாம் எதிர்ப்பட்டது என்பதை மட்டும் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் வாழ்வது திருமுல்லைவாயில். அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை நினைவுக்கு வரும்; ஆவடி என்றால் 1955ஆம் ஆண்டில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரைப் பலர் மின்சார ரயிலின் சன்னல் வழியாகவே பார்த்திருப்பார்கள். இறங்கி உள்ளே நடந்தால் மாசிலாமணீசர் கோயில் இருக்கிறது. அங்கே நந்தி இறைவனை நோக்கி இராமல், வெளியே பார்த்து அமர்ந்திருக்கும். அதற்குத் தொண்டைமான் கதையொன்று சொல்வார்கள். நான் சொல்லப்போவது வேறு கதை.

சுந்தரமூர்த்தி நாயனார் இந்தக் கோயிலுக்கு வந்தபோது அவருக்குக் கண் தெரியாது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, ‘உன்னைப் பிரியேன்’ என்று சூளுரைத்தார். பின்னர் திருவாரூர் நினைவு மீதூர, அந்தச் சூளை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அப்பொழுதே பார்வை போயிற்று. அந்த நிலையில் வழி தடவி நடந்து அவர் வந்து பாடிய தலங்களுள் ஒன்று எங்கள் ஊர். அடுத்துப் போன திருவெண்பாக்கத்தில் அவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்தன. (அந்தப் பழைய வெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது நீருக்குள் போயிற்று, கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் அமைத்தார்கள். ஊர் மூழ்கியும் பாட்டு மூழ்கவில்லை.)

இதில் என் உள்ளத்தைத் தொடுவது ஒன்று உண்டு. திருமுல்லைவாயில் பதிகத்தைப் பாடியவர், பாடிய அன்று அதை ஏட்டில் பார்த்திருக்க முடியாது. அவருக்கு அது முழுக்க முழுக்க நாவும் செவியுமாகவே இருந்தது. நமக்கோ அது அச்சடித்த புத்தகத்தில் ஏழாம் திருமுறையில் ஒரு பதிகம். தலைப்பில் ‘பண்: தக்கேசி’ என்று ஒரு குறிப்பு. நான் கல்லூரியில் படித்த நாளில் அந்தப் பதிகத்தைப் பலமுறை கண்ணால் ஓட்டியிருக்கிறேன். சொற்பொருள் தெரியும், யாப்பு தெரியும், தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். பல ஆண்டுகள் கழித்து ஒரு மாலையில், விளக்கு வைக்கும் நேரத்தில், ஓதுவார் ஒருவர் அதே பதிகத்தைக் கோயிலில் பாடக் கேட்டேன். தக்கேசியை இன்று காம்போதி இராகத்தில் பாடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் ஒரே வேண்டுகோள் திரும்பத் திரும்ப வரும் பதிகம் அது. புத்தகத்தில் பார்க்கையில், ‘முன் பாட்டில் வந்ததுதானே’ என்று கண் அதைத் தாண்டிவிடும். காது தாண்டாது. மூன்றாவது முறை அது வந்தபோது கெஞ்சலாக இருந்தது. ஏழாவது முறை வந்தபோது, இருட்டில் நிற்கும் ஒரு மனிதர் கதவைத் தட்டுவது போல் இருந்தது. இத்தனை ஆண்டுகளும் நான் அந்தப் பாட்டைப் படித்திருந்தேனே தவிர, அவர் துன்பப்பட்டார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று முதல் நான் செவிக் கட்சிக்காரன் ஆனேன். என் கட்சிக்குச் சான்றுகளும் குறைவில்லை. தமிழில் ஒரு நூல் வெளிவருவதற்கு என்ன பெயர்? அரங்கேற்றம். அவையில் ஏற்றிச் சொல்லி, கேட்டோர் ஏற்ற பிறகே அது நூலாகும். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று ஓசையைக் கொண்டே இனம் பிரித்தார்கள். திருக்குறளில் கல்வி என்று ஓர் அதிகாரம் இருக்கவும், கேள்வி என்று மற்றோர் அதிகாரம் தனியே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பனையோலைச் சுவடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபடா. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அடிக்கு அடி புது வரியும் கிடையாது. எழுத்துகள் எறும்பு வரிசை போல் ஓலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை செல்லும். அதை வாய்விட்டுப் படித்தால்தான், ‘இங்கே எதுகை விழுகிறது; ஆகவே இங்கே அடி முடிகிறது’ என்பது தெரியவரும். நாக்கு முன்னே சென்று வழி கண்டால் கண் பின்னே செல்லும். ஓசையின்றிப் படிக்கும் பழக்கம், புள்ளியும் இடைவெளியும் வைத்து அச்சான புத்தகங்களால் நம்மிடையே பரவியது என்றே நான் கருதுகிறேன். மேல்நாட்டிலும் அப்படித்தான் போலும். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு உதடு அசையாமல் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்ததை அகுஸ்தீனார் தம் வாழ்க்கை நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் ஏட்டை இகழ்வது நன்றியன்று. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிக் கிடந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. எஞ்சிய ஏட்டில் சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்கு எருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேட வேண்டியிருந்தது. சொல்லை ஓலை காத்தது; பண்ணை ஒரு பெண்ணின் குரல் காத்தது. சுந்தரர் குரல் எப்படி இருந்ததோ, நமக்குத் தெரியாது. அவ்வளவு தொலைவு போவானேன்? 1921ஆம் ஆண்டு வரை இந்தச் சென்னையில் வாழ்ந்த பாரதியார் தம் பாட்டைத் தாமே பாடுவதைக் கேட்டவர்கள் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் குரலின் ஒலிப்பதிவு ஒன்றும் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது புத்தகம்.

என் கட்சி முதலில் ஆட்டம் கண்டது ஒரு கவியரங்கத்தில். கவியரங்கத்தின் இலக்கணம் நீங்கள் அறிந்ததே. கவிஞர் ஓர் அடியைச் சொல்வார், நிறுத்துவார், அதையே மீண்டும் சொல்வார். அவையில் ஓர் ஆரவாரம் எழும். அது அடங்கியபின் அடுத்த அடி வரும். நான் குறிப்பிடும் கவியரங்கத்தில் ஒரு கவிஞர் பாடியதைக் கேட்டு நானும் கை வலிக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அந்தப் பாட்டு அச்சான சிறு புத்தகத்தை வாங்கி, இரவு வண்டியில் விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தேன். வில்லிவாக்கம் வந்தது, கொரட்டூர் வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை. மூன்று முறை படித்தும் நான் கைதட்டிய இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அடி அங்கேதான் இருந்தது. அதைச் சுமந்து வந்த குரலும், என்னோடு கூடி வியந்த ஆயிரம் பேரும் அங்கே இல்லை. அந்தக் கவிஞர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். திருவிழாவில் பார்த்த தேரை மறுநாள் நிலையில் பார்த்துக் குறை சொல்வது முறையன்று. ஆயினும், குரல் தன் செல்வத்தைச் சிறிது நேரத்துக்குக் கடனாகக் கொடுக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

இந்த ஐயம் பெரியோர்க்கும் இருந்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்தில், நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்பது அவர் கருத்து. மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். ‘என் சரித்திர’த்தில் ஐயரே இதை எழுதியிருக்கிறார். இளமையில் இதைப் படித்தபோது பிள்ளையவர்கள் மேல் எனக்குச் சினம் வந்தது. வாயாலேயே செய்யுளைச் சொல்லிக்கொண்டு போக, மாணாக்கர் ஏட்டில் எழுத, ஆயிரமாயிரம் பாடல்களை இயற்றியவர் அவர். ஓசையின் அருமை அவருக்குத் தெரியாதா? இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: ஓசையின் ஆற்றல் நன்றாகத் தெரிந்ததனால்தான் அவர் அஞ்சியிருக்க வேண்டும்.

அந்த அச்சம் எத்தனை நியாயம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பாட்டு இருக்கிறது. பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசை. திருமழிசையாழ்வார் பிறந்த ஊர். அவர் பாடிய இரண்டு நூல்களில் நான்முகன் திருவந்தாதி 96 வெண்பா. திருச்சந்த விருத்தம் 120 பாட்டு. திருச்சந்த விருத்தத்துக்குப் பெயரிலேயே சந்தம் இருக்கிறது. கோயிலில் கோஷ்டியாக நின்று அதைச் சேவிக்கும்போது கேட்டால், கல் பாவிய தெருவில் குதிரை செல்வது போன்ற அந்த நடையில் நம் கால் விரலும் தாளம் போடும். அதன் முதற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் படியிறங்கி வருகின்றன. கேட்பதற்கு எத்தனை எளிமை! ஆனால் அந்த எண்கள் எவை? நிலத்துக்கு ஓசை, ஊறு, உருவம், சுவை, நாற்றம் என ஐந்து குணம். நீருக்கு நாற்றம் நீங்க நான்கு. தீக்குச் சுவையும் நீங்க மூன்று. காற்றுக்கு ஓசையும் ஊறும் இரண்டு. வானுக்கு ஓசை ஒன்றே. உலகமே ஒவ்வொரு குணமாக உதிர்த்து, கடைசியில் ஓசையில் போய் நிற்கிறது! சந்தத்தின் வேகத்தில் கேட்கிற ஒருவர் இதைக் கணக்கிட்டு அறிய முடியுமா? எனக்கு முடியவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, மேலே போய்க் கீழே வந்துதான் கண்டேன். கண்ட பிறகு மறுபடியும் கேட்டபோது, முன்பு தாளமாக இருந்த அந்தப் படியிறக்கம் பொருளாகவும் இறங்கியது. வெறுமனே படித்திருந்தால் அது ஒரு கணக்கு. வெறுமனே கேட்டிருந்தால் அது ஒரு தாளம்.

மாணவ நண்பர்களே, இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் என் குரலில் பெருமை கொண்டவனாகவே இருந்தேன். அந்தப் பெருமையை நீக்கியவர் உங்கள் வயதுடைய ஒருவர்.

பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதனால் எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் வெண்கோல் ஏந்திய பிள்ளைகளைக் காண்பது அரிதன்று. அவர்களுள் ஒருவராக வளர்ந்து, கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுத்துப் படித்த இளைஞர் ஒருவர் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருவார். பாடப் புத்தகத்தை நான் படிப்பேன். அவர் கைப்பேசியில் பதிந்துகொள்வார். ஒருநாள் சிலேடைப் பாட்டு ஒன்றைப் படித்தேன். நன்றாகவே படித்தேன், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி, எனக்கே நிறைவாக இருந்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஐயா, அந்தச் சொல் புத்தகத்தில் சேர்ந்து இருக்கிறதா, பிரிந்து இருக்கிறதா?” என்று கேட்டார்.

பார்த்தேன். சேர்ந்துதான் இருந்தது. பிரித்தது நான்.

அவருக்குச் செய்த தீங்கு உங்களுக்கு விளங்க, நானே ஒரு சொல்லைச் சொல்கிறேன். ‘பலகையொலி’ என்று ஓரிடத்தில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ‘பலகை’ என்று நிறுத்தி ‘ஒலி’ என்றால், யாரோ மரப்பலகையைத் தட்டுகிறார்கள். ‘பல’ என்று நிறுத்தி ‘கையொலி’ என்றால், ஓர் அவையே கைதட்டுகிறது. எழுத்தில் இரண்டும் ஒன்றாக உறங்கிக் கிடக்கும். என் நாக்கு ஓரிடத்தில் ஓய்வு கொண்ட அந்தக் கணத்தில் ஒன்று பிழைத்தது, மற்றொன்று போயிற்று. கண்ணுடைய மாணவர் புத்தகத்தைப் புரட்டி அதை மீட்டுக்கொள்வார். என்னை மட்டுமே நம்பியிருந்தவருக்கு நான் பாதிப் பாட்டைக் கொடுத்துவிட்டு, முழுப் பாட்டையும் கொடுத்ததாக மகிழ்ந்திருந்தேன்.

“இனி முதலில் ஒரே மூச்சில், எங்கும் நிறுத்தாமல் படித்துவிடுங்கள், ஐயா. எங்கே பிரிப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் உங்கள் விருப்பப்படி படிக்கலாம்” என்றார் அவர். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் முகம் சிவந்தது.

அவருக்குப் பிரெயில் எழுத்து நன்றாக வரும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951ஆம் ஆண்டில் வகுத்த பாரதி பிரெயில் முறை அது. ஆறு புள்ளிகளில் எழுத்து முழுவதும் அடங்கும். தகட்டின் நடுவே தாளைச் செருகி, சிறு எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போவார்; தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் புள்ளிகள் புடைத்து நிற்கும். எழுத்தாணி என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பிள்ளையவர்களின் திண்ணை நினைவுக்கு வந்தது. அந்த முறையில் ஒரு நுட்பத்தை அவர் எனக்குக் காட்டினார். நாம் அச்சில் ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ககரம் நடுவே இருக்கும். ஒலிக்கும்போதோ அந்த வரிசை இல்லை. பிரெயிலில் ககரம் முதலில் வரும். உயிர் பின்னால் வரும். செவி கேட்கும் வரிசையிலேயே விரல் செல்கிறது. வாய் திறவாமல் படிப்பவர்களில், ஒலியின் வழியிலேயே நடப்பவர் அவர்தாம். நம் கண்ணைப் போல அவர் விரல் ஒரு வரியைத் தாவிச் செல்வதில்லை. ஆனால் விரும்பிய எழுத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம், திரும்பலாம்.

ஒரு முறை அவர், எங்கள் ஊர்ப் பதிகத்தை எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் குத்தி எழுதினார். அடிக்கு அடி, “சேர்த்தா, பிரித்தா?” என்று கேட்டார். கல்லூரியில் படித்தும், கோயிலில் கேட்டும், நான் ஒருநாளும் நோக்காத இடங்களை அன்று நோக்கினேன். பதிகம் முடிய இரண்டு ஞாயிறு ஆயிற்று.

மூன்றாம் ஞாயிறு மாலை இருவரும் கோயிலுக்குச் சென்றோம். ஓதுவார் அதே பதிகத்தைத் தொடங்கினார். இளைஞர் தூணோரம் அமர்ந்து, தாள்களை மடியில் விரித்து, விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டார். பாட்டு நடந்தது, விரலும் நடந்தது. முதற்பாட்டின் இறுதியில் அந்த வேண்டுகோள் வந்தபோது ஓதுவார் ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நீட்டினார். நான் பாட்டைக் கேட்பதை மறந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அந்த எழுத்தின் மேல் அப்படியே நின்றது. குரல் இறங்கிவந்து அடுத்த எழுத்தைத் தொட்டபோது, அதுவும் மெல்ல நகர்ந்தது.